விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒரு சிறு கணினி



பேருந்து நிலையத்திலும், மருந்தகத்தின் முகப்பிலும், உணவுக் கடையின் விலைப்பட்டியல் தொங்கும் இடத்திலும், படமும் எழுத்தும் மாறி மாறித் தோன்றும் ஒளிப்பலகைகளை இன்று நாம் காண்கிறோம். பலகையை மட்டுமே நம் கண் பார்க்கிறது. அதன் முதுகில் உள்ளங்கை அளவில் ஒரு கணினி ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் உழைப்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அக்கணினியை நடத்திச் செல்லும் இயங்குதளம் பல இடங்களில் லினக்ஸ் என்பதாகும். லினக்ஸிலும் பெருத்தவை உண்டு, மெலிந்தவை உண்டு. ஒரு விளம்பரப் பலகைக்கு எத்துணை மெலிந்த லினக்ஸ் போதும்? எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால் பலகையின் வரலாற்றையும், லினக்ஸ் மெலிந்த வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பலகையில் எழுதி அறிவிப்பது புதிதன்று. தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கிராணியார் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் எழுதி வைத்ததும் அறிவிப்புதான். ஆனால், எழுதிய எழுத்து தானாக மாற வேண்டும் என்ற ஆசை பிறந்தபோதுதான் பொறியாளர்களுக்கு வேலை வந்தது.

1928ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடந்த நாள் அது. நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பெயர் தாங்கிய கட்டடத்தைச் சுற்றி, ஒட்டியாணம் கட்டியது போல விளக்குகளால் ஆன ஒரு பட்டை அமைக்கப்பட்டிருந்தது. அதில் 14,800 மின்விளக்குகள் இருந்தன. ஹெர்பர்ட் ஹூவர் வெற்றி பெற்றார் என்னும் செய்தி அப்பட்டையில் வலமிருந்து இடமாக ஓடியது. தெருவில் நின்ற மக்கள் அண்ணாந்து படித்தனர்.

எழுத்து ஓடியதே தவிர, விளக்குகள் ஓடவில்லை. இதன் சூட்சுமம் கேட்கத் தக்கது. கட்டடத்தின் உள்ளே ஓர் அறை. அங்கே ஒவ்வோர் எழுத்தும் புடைப்பு வடிவமாக ஒரு தகட்டில் அமைந்திருந்தது. பழைய அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் ஈய எழுத்துகளை அடுக்குவாரே, அதைப் போல ஊழியர் அத்தகடுகளைச் சட்டத்தில் வரிசையாகக் கோப்பார். ஒரு சங்கிலி அந்த வரிசையை மெல்ல இழுத்துச் செல்லும். எழுத்தின் மேடு எந்தெந்த இடத்தில் பட்டதோ அந்தந்த இடத்தில் மின்தொடர்பு உண்டாகும். அதற்கு நேரான விளக்கு வெளியே எரியும். தகடு நகர நகர அடுத்த விளக்கு எரியும், முந்தியது அணையும். கண்ணுக்கு எழுத்தே நடந்து போவதாகத் தோன்றும். 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜப்பான் சரணடைந்த செய்தியும் இதே பட்டையில்தான் ஓடியது. மலாயாவில் மூன்றரை ஆண்டு அல்லலுற்ற நம் பாட்டன்மார் அச்செய்தியை வேறு வழிகளில், வேறு நாள்களில் அறிந்தனர் என்பது தனிக்கதை.

இந்த நியூயார்க் பட்டையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்திரம் செய்தது ஒரே வேலை. கோத்த எழுத்தைக் காட்டும். வேறு எதுவும் செய்யாது. அதனால் அதில் வேண்டாத உறுப்பு என்று ஒன்றுமே இல்லை.

அடுத்து வந்தவற்றை விரைவாகச் சொல்லி விடுகிறேன். இத்தாலி நாட்டின் ஊதினே நகரைச் சேர்ந்த சோலாரி நிறுவனம், சீட்டுக்கட்டு புரள்வது போலச் சடசடவென்று தகடுகள் புரளும் பலகைகளை 1950களில் செய்தது. இரயில் நிலையங்களும் விமான நிலையங்களும் அவற்றை வாங்கின. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் இருந்த இத்தகைய பலகை 2020இல்தான் ஓய்வு பெற்றது. அந்தச் சடசட ஓசையைக் கேட்பதற்காகவே நின்றவர்கள் உண்டு. 1962இல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி உமிழும் டையோடைச் செய்து காட்டினார். நீலம் மட்டும் நெடுங்காலம் பிடிகொடுக்கவில்லை. 1993இல் ஜப்பானின் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல ஒளியைக் கொண்டு வந்தார். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கூடிய பிறகு எந்த வண்ணத்தையும் பலகையில் காட்ட முடிந்தது. அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இந்த நீலத்துக்காகவே.

வண்ணப்படம் காட்டலாம் என்றானதும், பின்னால் கணினி வேண்டியதாயிற்று. 1985இல் வெளிவந்த அமிகா என்னும் கணினி, குறைந்த நினைவகத்தில் நல்ல படங்களைக் காட்டியதால், முதலில் இப்பணிக்கு வந்தவற்றுள் ஒன்று. அதன் காலம் முடிந்தபின், அலுவலக மேசையில் இருக்கும் சாதாரணக் கணினியைத் தூக்கிப் பலகைக்குப் பின்னால் வைத்தார்கள். இங்கேதான் சிக்கல் தொடங்கியது. மேசைக் கணினி, தன் முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது. ஏதேனும் தடங்கல் வந்தால் ஒரு சிறு பெட்டியைத் திரையில் காட்டி, “சரியா, வேண்டாமா?” என்று கேட்கும். விளம்பரப் பலகை இருப்பதோ கட்டடத்தின் மூன்றாம் மாடிச் சுவரில். யார் போய்ப் பொத்தானை அழுத்துவது? குளிர்பான விளம்பரத்தின் நட்டநடுவே அந்தக் கேள்விப் பெட்டி நாள்கணக்கில் நிற்கும். போவோர் வருவோர் படம் பிடித்துச் சிரிப்பார்கள். இதுபோக, ஒவ்வொரு பலகைக்கும் இயங்குதளத்தின் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும். பலகையோ அந்த இயங்குதளத்தின் நூற்றில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்துவதில்லை.

இனி லினக்ஸுக்கு வருவோம். அதன் வேர் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸில் இருக்கிறது. யூனிக்ஸின் இயல்பு சிறு சிறு கருவிகளாகச் செய்து, தேவைக்கேற்ப இணைத்துக்கொள்வது. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன், அதைப் போன்ற ஒன்றை யாரும் படிக்கவும், மாற்றவும், பகிரவும் உரிமையுள்ளதாகச் செய்வோம் என்று குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகக் கணினி ஆர்வலர்களுக்குத் தெரிவித்தார். அவர் எழுதியது கெர்னல் எனப்படும் உள்மையம். அடுத்த ஆண்டே அதைக் குனூவின் பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். உள்மையமும் கருவிகளும் சேர்ந்து முழு இயங்குதளமாயின. அதைப் பலர் பலவிதமாகத் தொகுத்து வழங்கத் தொடங்கினர். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் அவ்வகைத் தொகுப்புகளுள் ஒன்று.

இலவசம் என்பதால் லினக்ஸ் பரவியது என்று பலர் சொல்வர். பலகைகளைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். மற்றொரு பாதி, அதை வெட்டிக் குறைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது. பூட்டிய பெட்டியை வாங்கினால் உள்ளே இருப்பதையெல்லாம் சுமந்துதான் ஆக வேண்டும். திறந்த பெட்டியில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படி வெட்டிக் குறைத்த முன்னோடிகளுள் ஒருவர் புரூஸ் பெரென்ஸ். 1990களின் நடுவில், டெபியனை நிறுவுவதற்கான கருவிகள் அனைத்தையும் ஒரே நெகிழ்வட்டில் அடக்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்பட்டது. நெகிழ்வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட்டு. இக்கால மாணவர்களுக்குச் சொல்வதானால், கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அதில் இடம் போதாது. அவர் செய்தது என்ன? தனித்தனிக் கருவிகளுக்குப் பொதுவாக இருந்த பகுதிகளை ஒன்றாக்கி, எல்லாக் கருவிகளையும் ஒரே நிரலுக்குள் மடித்து வைத்தார். பிஸிபாக்ஸ் என்று அதற்குப் பெயர். வீட்டில் இணையம் தரும் சிறு பெட்டிகளுள் இன்றும் பலவற்றில் அது வேலை செய்கிறது.

பின்னர் மெலிவதே ஒரு போட்டியாகிவிட்டது. 50 மெகாபைட்டுக்கு மேல் போகமாட்டேன் என்று வரம்பு கட்டிக்கொண்ட ஒரு தொகுப்பு இருந்தது. அதன் பெயரின் முதற்சொல் வகுப்பறையில் சொல்லத் தக்கதன்று. பெயரின் பொருள் ‘மிகமிகச் சிறியது’ என்று வைத்துக்கொள்வோம். அதில் பணியாற்றிய ராபர்ட் ஷிங்கிள்டெக்கர் பிரிந்து வந்து டைனி கோர் என்பதைத் தொடங்கினார். அதன் அடிப்படைத் தொகுப்பு 20 மெகாபைட்டை ஒட்டியே நிற்கிறது. ஒவ்வொரு முறை மின்னூட்டம் வரும்போதும் அது தன்னை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, பிறந்த குழந்தை போலப் புதிதாகத் தொடங்கும். நத்தனேல் கோப்பா தொடங்கிய ஆல்பைன் லினக்ஸும் அவ்வாறே நினைவகத்திலிருந்து ஓடவல்லது. பிஸிபாக்ஸை உள்ளே கொண்டது.

மென்பொருள் மெலிந்துவிட்டது. வன்பொருள் எப்போது மெலிந்தது? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவரின் தொகை குறைந்துகொண்டே போனது. வந்தவர்களுக்கும் நிரல் எழுதிய பழக்கம் குறைவு. இதைக் கண்டு கவலையுற்ற எபென் அப்டனும் நண்பர்களும், பள்ளிப் பிள்ளைகள் பயமின்றிக் கையாளத்தக்க மலிவான கணினி ஒன்றைச் செய்ய முனைந்தனர். அதுவே ராஸ்பெர்ரி பை. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் 35 அமெரிக்க வெள்ளிக்கு விற்பனைக்கு வந்தது. நினைவகம் 256 மெகாபைட்டு. அதன் மையச் செயலி சாதாரணமானது. ஆயினும் உயர்தெளிவு ஒளிப்படத்தை விரித்துக் காட்டும் தனி உறுப்பு அந்தச் சில்லிலேயே இருந்தது. அப்போதைய டெபியன் அந்தச் செயலியின் முழு ஆற்றலையும் பயன்படுத்தவில்லை. மைக் தாம்சன், பீட்டர் கிரீன் என்ற இருவர் தாமாக முன்வந்து, டெபியனின் ஆயிரக்கணக்கான மென்பொருள்களை அதற்கேற்ப மறுபடி தொகுத்து ராஸ்பியன் என்று வெளியிட்டனர்.

மலிவான விலை, விசிறி ஓசை இல்லாத சிறு பலகை, நேராகத் தொலைக்காட்சியில் செருகும் வசதி, நல்ல ஒளிப்படம். விளம்பரப் பலகைக்காரர்கள் இதை விடுவார்களா? பிள்ளைகளுக்காகச் செய்த கணினி கடைவீதிக்கு வந்து சேர்ந்தது. இதில் தவறில்லை, தொழிற்சாலைகள் வாங்கியதால்தான் விலை மலிவாகவே நின்றது என்றும் சொல்லலாம். ஆனால் 2021இல் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஒரு வகைக்கு விலை 35இலிருந்து 45 வெள்ளியாக உயர்ந்தது. கிடைத்த கணினிகளைத் தொழில் நிறுவனங்களுக்கே முதலில் தருவோம் என்று தயாரித்தவர்களே அறிவித்தனர். இதை நம்பிப் பிழைப்பு நடத்துவோர் இருக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். காரணம் நியாயமானதே. என்றாலும், வகுப்பறைக்காகப் பிறந்த பொருளுக்கு வகுப்பறை வரிசையில் பின்னால் நிற்க நேர்ந்ததை ஓர் ஆசிரியன் மனத்தாங்கலின்றிச் சொல்ல முடியாது.

சரி, இப்போது ஒரு கடைக்காரரோ, பள்ளி வாரியத்தாரோ பலகை ஒன்று அமைக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது?

பலரும் அளவைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். 20 மெகாபைட்டா, 200 மெகாபைட்டா என்பதே பேச்சாக இருக்கிறது. என் கருத்து வேறு. முதலில் மின்தடையைப் பற்றி யோசிக்க வேண்டும். பலகையை யாரும் முறைப்படி நிறுத்துவதில்லை. கடையை மூடும்போது சுவரிலுள்ள விசையைத் தட்டிவிட்டுப் போவார்கள், அல்லது இடி இடித்து மின்சாரம் போகும். அந்த நொடியில் கணினி தன் நினைவு அட்டையில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால், எழுத்து அரைகுறையாக நின்று கோப்புகள் கெடும். சில வேளை மறுநாள் பலகை எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஆகையால் அட்டையில் எதையும் எழுதாமலே ஓடும்படி அமைக்க வேண்டும். டைனி கோரும் ஆல்பைனும் இயல்பாகவே இதற்கு ஏற்றவை. மற்றவற்றுக்கும் வழி உண்டு. ஓவர்லே என்னும் மேலடுக்கு முறை 2014 டிசம்பரில் லினக்ஸ் உள்மையத்திலேயே சேர்ந்தது. எழுதிய கரும்பலகையின் மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, புதிதாக எழுதுவதையெல்லாம் கண்ணாடியில் எழுதுவது போன்றது அது. மின்சாரம் போனால் கண்ணாடியில் உள்ளது மறையும். அடியில் உள்ளது அப்படியே இருக்கும்.

அடுத்தது, நிரல் உறைந்து நின்றால் எழுப்புவது யார்? இச்சிறு கணினிகளில் காவல் கடிகாரம் ஒன்று உண்டு. சில வினாடிகளுக்கு ஒருமுறை அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டு வரவில்லையானால், வீட்டில் ஏதோ விபரீதம் என்று கருதி அது கணினியை மறுபடி தொடக்கிவிடும். இதை இயக்கி வைக்காத பலகை, ஆள் வந்து பார்க்கும்வரை ஒரே படத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். நேரத்தையும் கவனிக்க வேண்டும். 2023இல் வந்த ஐந்தாம் ராஸ்பெர்ரி பைக்கு முந்தியவற்றில் நேரம் காக்கும் கடிகாரமே இல்லை. இணையமும் இல்லாத இடமானால், மின்தடைக்குப் பின் காலை விளம்பரம் மாலையில் வரும்.

மூன்றாவதாகப் பாதுகாப்பு. பழைய ராஸ்பெர்ரி பை தொகுப்புகளில் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே பயனர் பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இருந்தன. ஊரறிந்த பூட்டுக்கு ஊரறிந்த சாவி. 2022 ஏப்ரலில் அந்தப் பொதுப் பயனரை நீக்கிவிட்டார்கள். அதற்கு முன் பொருத்திய பலகைகளை வைத்திருப்போர் இன்றே மாற்றிக்கொள்வது நல்லது. திருத்தங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்றும் கேட்க வேண்டும். டெபியனின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நீட்டித்த ஆதரவையும் சேர்த்து ஏறக்குறைய ஐந்தாண்டு கிடைக்கிறது. மூலையில் கிடக்கும் பழைய மேசைக் கணினியைத் தூசு தட்டிப் பயன்படுத்தலாமே என்பாருக்கு ஒரு செய்தி: 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட்டுக் கணினிகளில் நிறுவுவதற்கு வழி தரவில்லை.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், மேசைத்திரை இல்லாத குறுந்தொகுப்பாக டெபியனையோ, ராஸ்பெர்ரி பைக்குரிய அதன் இளைய வடிவத்தையோ எடுத்துக்கொண்டு, மேலடுக்கு முறையில் பூட்டி வைப்பதே எளியவர்களுக்கு ஏற்றது என்பேன். மிகமிகச் சிறியவை, கைதேர்ந்தவர்க்கு உரியவை. மேலும் ஒன்று. இயங்குதளத்தை 20 மெகாபைட்டாகச் சுருக்கிவிட்டு, அதன் மேல் இணைய உலாவியை ஏற்றினால் அது நூற்றுக்கணக்கான மெகாபைட்டு நினைவகத்தை விழுங்கும். கூடையை மூங்கிலில் இலேசாகப் பின்னிவிட்டு உள்ளே கருங்கல்லை வைத்த கதைதான். படமும் ஒளிப்படமும் மட்டும் போதுமென்றால் உலாவியே வேண்டாம். எம்பிவி போன்ற ஓர் ஒளிப்படக் கருவி, சாளரம் எதுவுமின்றி நேரே திரையில் காட்டிவிடும்.

இவ்வளவு சொன்னேன், தமிழைச் சொல்ல வேண்டாமா? லினக்ஸ் பிறந்த அதே 1991இல்தான் யூனிகோடின் முதல் பதிப்பும் வந்தது. தமிழ் அதில் அப்போதே இடம்பெற்றது. அந்த முறையில் ‘கெ’ என்னும் எழுத்தைக் கணினி, முதலில் ‘க’, பின்பு கொம்பு என்றே சேமித்து வைக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்த ஒரு நிரல் வேண்டும். ஹார்ஃப்பஸ் என்பது அப்பணியைச் செய்வது. மெலிந்த தொகுப்புகளில் முதலில் கழற்றப்படுபவை எழுத்துருக்களும் இத்தகைய நிரல்களும்தான். தொகுத்தவரின் ஊரில் அவை தேவைப்படாதவை. அவரைக் குறை சொல்ல இயலாது. லினக்ஸின் வெற்று எழுத்துத்திரை 512 வடிவங்களுக்கு மேல் அறியாது. கொம்பை இடம் மாற்றவும் தெரியாது. அதனால் எழுத்துரு இல்லாத பலகையில் நம் தமிழ் வெறும் கட்டங்களாக நிற்கும். எழுத்துரு இருந்து நிரல் இல்லாவிட்டால் இன்னும் மோசம்: கொம்பு எழுத்தின் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், ‘கொ’ பிளவுபடும். பிள்ளைகள் தெருவில் படிக்கும் தமிழ் அது.

உலாவி கனமானதுதான், ஆயினும் அது தமிழைச் சரியாக எழுதும். கனம் வேண்டாதவர்கள் பாங்கோ என்னும் சிறு கருவியால் வாசகத்தைப் படமாக மாற்றி, அப்படத்தைத் திரையில் காட்டலாம். லோகித், நோட்டோ போன்ற தமிழ் எழுத்துருக்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன; ஒன்றைச் சேர்ப்பதால் கூடும் சுமை மிகச் சிறிது. பலகையைச் சுவரில் ஏற்றுவதற்கு முன், பொருத்த வந்தவர் கீழே நிற்கும்போதே, ‘கெ, கே, கை, கொ, கோ, கௌ, ஸ்ரீ’ என்ற ஏழையும் அதில் எழுதச் சொல்லிப் பாருங்கள். ஏழும் சரியாக வந்தபின் ஏணியை எடுக்கச் சொல்லலாம்.